ஈரமான சுண்ணாம்புக்கல்

அன்று காலை நானும் என் வீட்டுக்காரர் செங்குட்டுவனும் ஒரு மீனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

காசிமேட்டில் எடுத்துவந்து எங்கள் தெருமுனையில் விற்கிற ரெஜினாவிடம் வஞ்சிரம் என்று சொல்லி வாங்கிவந்திருந்தேன். அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து தட்டைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாமே இது?"

"வஞ்சிரம்."

"யாரு சொன்னது? மாவுலாசி இது."

"ரெஜினாதான் சொன்னா."

"ரெஜினா நாளிக்கு சுறாவக் குட்து நெத்திலின்னுவா. வாங்கிகினு வருவியா?"

"ஆமாய்யா, நீதான் கப்பல் ஓட்டி மீன் புட்ச்சவன்."

வஞ்சிரமும் மாவுலாசியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலையில் மட்டும் பங்காளிகள், மாவுலாசி மலிவு. "கொழம்பு வெச்சு வையி. சாயங்காலம் வந்து துன்னுட்டுத் தீர்ப்பு சொல்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதியைக் குழம்பு வைத்தேன். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

அவர் வேலை பார்த்த இடத்தின் பெயர் தனிமக் கூறாய்வு வாரியம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகளின் வரிசை முடிவதுபோலத் தோன்றும் இடத்தில் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்குகிற கல் எல்லாம் ஆலைகளுக்குப் போவதற்கு முன்னால் அந்த வாரியத்தின் பெல்ட்டில் ஏறி, ஒரு சுரங்கம் போன்ற இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். உள்ளே நியூட்ரான் மழை பெய்துகொண்டிருக்கும். நியூட்ரான் கல்லிலிருக்கும் அணுவின் கருவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கரு அதைப் பொறுக்காமல் ஒரு கதிரை வெளியே எறியும். கால்சியம் எறிகிற கதிர் ஒரு விதம், இரும்பு எறிகிற கதிர் வேறு விதம். எறிந்ததை எண்ணிப் பார்த்து, இந்தக் கல்லில் இது இவ்வளவு என்று இயந்திரம் சொல்லிவிடும். உடைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், தொடக்கூட வேண்டாம். நல்ல அறிவியல். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை ஒரு வாரியத்தின் கையில் கொடுத்ததுதான் குறை.

முன்பெல்லாம் அதிகாரிகள் கல்லைக் கண்ணால் பார்த்தே தரம் சொன்னார்களாம். கையில் எதையாவது வாங்கிக்கொண்டு மட்டமான கல்லை உயர்ந்தது என்று எழுதினார்களாம். அதை ஒழிக்கத்தான் வாரியம் வந்தது. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: "கண் பார்த்தால் ஊழல். அணு பார்த்தால் நீதி." எனவே உள்ளே வேலை செய்பவர் எவரும் எந்தப் பொருளையும் பார்த்த மாத்திரத்தில் அது இன்னது என்று சொல்லக் கூடாது. போன மழைக்கு ஒரு சாரைப்பாம்பு உள்ளே வந்துவிட்டது. "உறுதிசெய்யப்படாத நீளமான பொருள்" என்று எழுதி வைத்துவிட்டு அதிகாரிகள் மேசை மேல் ஏறி நின்றார்கள் என்று அவர் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்னொரு விதியும் உண்டு. பெல்ட்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டிப் பெல்ட்டில் ஏறுகிற எதுவும் சாம்பிள்.

இயந்திரத்தின் வாயில் கல் சிக்கிக்கொண்டால் கடப்பாரையால் நெம்பி விடுவது அவர் வேலை. அன்று மேலேயிருந்து ஒரு கல் சரிந்து அவர் தலையில் விழுந்தது. அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி விழுந்தார்.

பெல்ட்டை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாமல் இல்லை. அளவீட்டைப் பாதியில் நிறுத்தினால் அந்தக் கப்பல் கல் மொத்தத்தையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கற்களோடு கல்லாக உள்ளே போனார். இயந்திரம் அவரையும் பாரபட்சமில்லாமல் அளந்தது. கால்சியம் சட்டென்று குறைந்தது, ஹைட்ரஜன் ஏறியது. மணி அடித்தது. அது விபத்து மணி இல்லை. தரம் குறைந்துவிட்டது என்று அறிவிக்கும் மணி.

வீட்டுக்கு வந்து சொன்னவர் சுயம்பு. வாரியத்துக்கு ஆள் விடுகிற ஒப்பந்தக்காரர், திருநெல்வேலிப் பக்கம், ராயபுரத்தில் இரும்புக் கடையும் வைத்திருக்கிறார். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசினார்.

"பதறக் கூடாது, கேட்டியாம்மா. செங்குட்டுவன் மேல கல்லு விழுந்துட்டு. ஆளு..." என்று நிறுத்தி, "தரம் கொறஞ்சிட்டுன்னு சொல்லுதாவ" என்றார்.

நானும் என் நாத்தனார் செங்கொடியும் ஆட்டோ பிடித்து ஓடினோம். வாரியத்தின் வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். சாம்பிள் வரவு அதிகாரி, பெயர் ஜெனிஷ்.

"செங்குட்டுவன் வூட்டுக்காரி சார் நான்."

அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒருத்தர் உள்ள வரலையேம்மா."

"தெனமும் வராரே சார்."

"ஒப்பந்தக்காரர் எழுதினது இதுதாம்மா. கடப்பாரை, மண்வெட்டி, இதர."

"எங்க அண்ணன் இதுல எது?" என்றாள் செங்கொடி.

"இதரன்னு நினைக்கிறேன்."

"சரி, உள்ள படுத்துகினு கீறது யாரு?"

"அது சாம்பிள்ங்க."

செங்கொடி கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். ஜெனிஷ் கோபப்படவில்லை. நல்ல பையன். பொறுமையாக விளக்கினார். நியூட்ரான் பட்டதில் சாம்பிளுக்குள் இருக்கிற சோடியம் கிளர்ந்துவிட்டிருக்கிறது. அது ஆற வேண்டும். ஆறியபின் பரிசீலிப்பார்கள்.

"சோடியம்னா?"

"உப்புல இருக்குமே, அது."

"கருவாட்டுக்கே உப்பு பத்தலன்றவன் சார் அவன். அவன் எப்போ ஆறுறது?" என்றாள் செங்கொடி. சொல்லிவிட்டு அழுதாள்.

"அவ்ளோ கதிரா கீது அவர் மேல?" என்று நான் கேட்டேன்.

ஜெனிஷ் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாழைப்பழத்துல இருக்கறதவிடக் கம்மிதான்க்கா."

"அப்போ குட்துடு சார்."

"வாழைப்பழம் உள்ள போயிருந்தாலும் இதே விதிதான்க்கா."

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் வாசலில் இருந்த கதிர்வீச்சு எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தார். சாலைக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஜீப்பை நிறுத்தி, அங்கிருந்தே வாரியத்துக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பினார்.

என் வீட்டுக்காரர் செத்ததற்கு யாரும் விசாரணை வைக்கவில்லை. கல்லின் தரம் குறைந்ததற்கு வைத்தார்கள். இறக்குமதி செய்த முதலாளி, என் கல்லை மூன்றாம் தரம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு வழக்குப் போடுவதாக மிரட்டினாராம். அதனால் எங்களையும் சுயம்புவையும் கூப்பிட்டார்கள். ஏசி அறை. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் கற்கள், ஒவ்வொன்றின் கீழும் பிறந்த ஊர், கப்பலின் பெயர், வந்து சேர்ந்த தேதி. என் வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தில் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இயக்குநர் டாக்டர் தேவப்பிரியம் எழுந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். எனக்கு நினைவிருக்கிறவரை அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, உங்கள் துயரத்தை வாரியம் கொள்கை அளவில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அளவீட்டில் அது தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிகிறது என்று சொல்ல நாங்கள் அரசியல்வாதிகள் அல்ல. எங்கள் இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. மதம் தெரியாது. ஏழை, பணக்காரன் தெரியாது. கல்லா மனிதனா என்பதுகூடத் தெரியாது. இதைவிடப் பெரிய சமத்துவத்தை இந்த நாட்டில் உங்களுக்கு யார் கொடுத்திருக்கிறார்கள்?"

முதலாளியின் ஆட்கள் தலையாட்டினார்கள்.

"இப்போது நம் முன்னால் இருக்கும் சிக்கல் இதுதான். சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் இருக்கிறது. உங்கள் கணவரின் எலும்பிலும் கால்சியம். எது கப்பலுக்குச் சொந்தம், எது உங்களுக்குச் சொந்தம்? கல்லிலிருந்து அவரைக் கழித்தாக வேண்டும். கழிப்பதற்கு அவர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பால் குடிப்பாரா?"

"டீ குடிப்பாரு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

நான் சுயம்புவைப் பார்த்தேன். "டீக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது, பாத்துக்கிடுங்க" என்று அவர் அவசரமாக எழுந்து சொன்னார்.

"வெற்றிலை?"

"கல்யாணங்காட்சிக்குப் போனா போடுவாரு."

"சுண்ணாம்பு தடவியா?"

"தடவாம எப்டி சார்?"

அறையில் ஒரு சலசலப்பு. இயக்குநர் முதலாளியின் ஆட்கள் பக்கம் அர்த்தத்தோடு திரும்பினார். "வெளியிலிருந்து சேர்ந்த கால்சியம். பாருங்கள், மறைக்கப்பட்ட உண்மைகள் இப்படித்தான் வெளிவரும்."

நான் எழுந்து நின்றேன். "சார், ஒண்ணும் கழிக்க வேணாம். என்னை உள்ள வுடுங்க. ஒரு தபா பாத்தாப் போதும். கூட வாழ்ந்தவ நானு. எது அவரு, எது கல்லுன்னு நான் சொல்றேன். பொட்டலமா குட்தாக்கூடப் போதும், வாங்கிகினு போயி அடக்கம் பண்ணிடறோம். வேற எதுவும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சபையில் வைத்து லஞ்சம் நீட்டினவளைப் பார்த்துக் கூசுவதுபோல இருந்தது.

"கண்ணால் பார்த்தா?" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "அம்மா, எதை ஒழிக்க இந்த வாரியம் தொடங்கப்பட்டதோ, அதையே கேட்கிறீர்கள்."

அடுத்த அமர்வுக்கு செங்கொடி ஒரு தூக்கோடு வந்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த மீன் துண்டு ஒன்றை எடுத்து இயக்குநரின் மேசை மேல் வைத்தாள். ஐஸ் உருகிக் கோப்புகளின் கீழ் ஓடியது.

"மெஷினு சொல்றதுதான் நெஜம்ன்றியே சார். எங்க அண்ணன் சாவறதுக்கு முன்னால இத மாவுலாசின்னான். அண்ணி வஞ்சிரம்னுது. உன் மெஷினு இன்னான்னு சொல்லட்டும். கரீட்டா சொல்ட்டா, நீ எங்க அண்ணனப் பத்தி இன்னா சொன்னாலும் நான் வாயத் தொறக்காம கேட்டுகினு போறேன்."

இயக்குநரை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை. பொதுமக்களில் ஒருவர் தாமாக முன்வந்து இயந்திரத்திடம் கேள்வி கேட்பது வாரியத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறையாம். புகைப்படக்காரர் வரவழைக்கப்பட்டார். மீனை எவர்சில்வர் தட்டில் வைத்து ஊர்வலமாக எடுத்துப் போனார்கள். அது மஞ்சள் கோட்டைத் தாண்டியபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்த மீன் துண்டுக்காகப் பெல்ட்டை நிறுத்தினார்கள். அது நடுவில் சரியாக உட்காரவில்லையாம். நகர்த்தி வைத்து மறுபடி ஓட்டினார்கள்.

அறிக்கை வந்தது. இயக்குநரே வாசித்தார். ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ், கால்சியம், சோடியம், துளி பாதரசம். பாதரசத்தை மட்டும் சற்று வேகமாக வாசித்தார்.

"சரி, வஞ்சிரமா மாவுலாசியா?" என்றாள் செங்கொடி.

"மீன் என்று ஒரு தனிமம் கிடையாது, அம்மா."

"அப்போ அது மீனே இல்லன்றியா?"

"மீன் இல்லை என்று வாரியம் சொல்லவில்லை. மீன் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்கிறது. உங்கள் அண்ணன் விஷயத்திலும் நாங்கள் இதே நேர்மையைத்தான் கடைப்பிடிக்கிறோம்."

கைதட்டினார்கள். செங்கொடி காலித் தூக்கை நீட்டினாள். "மீனக் குடு, நாங்க போறோம்" என்றாள்.

"மீன் இப்போது சாம்பிள்" என்றார்கள்.

கடைசி அமர்வில் தீர்ப்பு. திருத்தங்கள் எல்லாம் செய்தபின் அந்தக் கப்பலின் கல் முதல் தரம் என்று முடிவாகியது. கால்சியத்துக்கு உறவுமுறை கிடையாது என்பதால் பெல்ட்டில் இருந்த கால்சியம் முழுவதும் கல்லுக்கே. கூடுதலாக வந்த ஹைட்ரஜனுக்குக் காரணம் கடலோர ஈரக்காற்று. ஆக, என் வீட்டுக்காரரின் எலும்பு கப்பலுக்குப் போனது, ரத்தம் கடல் காற்றுக்குப் போனது. கணக்கு சரியாக நூறு சதவீதம் வந்தது. அதில் ஆளுக்கு இடம் மிச்சமில்லை.

முதலாளி இயக்குநருக்குச் சால்வை போட்டார். மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று யாரோ மெல்லக் கேட்டார். இறந்தவர் என்று ஒருவர் அறிக்கையில் இல்லாததால் தேவைப்படவில்லை.

"மிச்ச சாம்பிளை எடுத்துப் போகலாம்" என்று எங்களிடம் சொன்னார்கள்.

பின்பக்க ஷெட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அங்கே மட்டும் யாரும் என்னைத் தடுக்கவில்லை. பார்த்தேன். அவர்தான். சான்றுக்காக ஒரு சிறு பகுதியை வாரியம் ஐந்து வருடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. கல் சில்லு பதிந்திருந்த வலது கைக் கட்டைவிரலை எடுத்திருந்தார்கள். துணிமேல் 'மிச்ச சாம்பிள்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

ஜெனிஷ் வெளியேறும் அனுமதிச் சீட்டைத் தட்டச்சு செய்தார். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"பொருள்: சுண்ணாம்புக்கல், ஈரமானது" என்று இருந்தது.

"அவர் உள்ள வந்ததா பதிவு இல்லக்கா. உள்ள வராத ஆள வெளிய அனுப்ப சிஸ்டம் ஒத்துக்காது. கல்லுன்னா ஒத்துக்கும்."

ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து வண்டியில் ஏற்றினோம். வாசலில் தடுப்புக்கட்டை. காவலாளி டென்னிஸ் வந்து ஜன்னலருகில் நின்றார். என் வீட்டுக்காரரோடு தினமும் பீடி பகிர்ந்துகொண்ட மனிதர். சரக்கை எடுத்துப் போகிறவர், அது என்ன என்று தன் வாயால் சொல்ல வேண்டும், சீட்டும் வாய்ச்சொல்லும் ஒத்துப்போனால்தான் கட்டை மேலே எழும் என்பது அங்கே விதி.

"உள்ள இன்னா?" என்றார் டென்னிஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க அண்ணன்" என்றாள் செங்கொடி.

கட்டை அசையவில்லை.

"பாப்பா, எனக்குத் தெரியாதா? சீட்டுல கீறத சொல்லிடு. கேமரா பாத்துகினு கீது."

"எங்க அண்ணன். செங்குட்டுவன். உன் தோஸ்துதானே நைனா, மூஞ்சத் தொறந்து காட்டட்டா?"

"வண்டியப் பின்னால எடுங்க" என்று டென்னிஸ் சொன்னார்.

பின்னால் எடுத்தோம். மறுபடி வந்தோம். மறுபடி "உள்ள இன்னா?" மறுபடி "எங்க அண்ணன்." கட்டை அசையவில்லை. பின்னால் கல் லாரிகள் சேர்ந்துகொண்டு ஹாரன் அடித்தன. அவற்றின் டிரைவர்கள் எட்டிப் பார்த்து, "கல்லுன்னு சொல்லிட்டுப் போயேம்மா" என்று கத்தினார்கள். உச்சி வெயில். எங்கள் வண்டியில் ஐஸ் தண்ணீராகிக் கதவிடுக்கில் சொட்ட ஆரம்பித்திருந்தது.

"அண்ணி, நீ சொல்லாத. நின்னாலும் பரவால்ல. நாளிக்கு வரைக்கும் நிக்கலாம். நீ சொல்லாத" என்று செங்கொடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நான் டென்னிஸைக் கூப்பிட்டேன்.

"கல்லு" என்றேன்.

"இன்னா கல்லு?" விதிப்படி அதையும் கேட்க வேண்டும்.

"சுண்ணாம்புக்கல்லு. ஈரமானது."

கட்டை எழும்பியது. செங்கொடி என் மணிக்கட்டை விட்டாள். டென்னிஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். சுண்ணாம்புக்கல்லுக்குத் தொப்பி கழற்றியதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காசிமேட்டு மயானத்தில் அடக்கம் செய்தோம். வியாசர்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து பௌத்த முறைப்படி திரிசரணம் சொன்னார்கள். பறை அடித்தார்கள். கட்டைவிரல் இல்லாத கையைத் துணிக்குள் மடித்து வைத்தது நான்தான். செங்கொடி அதன்பின் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, குழி மூடியதும், "நீ சொல்லிட்ட இல்ல அண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

கப்பல் கல் எல்லாம் ஆலைக்குப் போய்விட்டது. சிமெண்ட் ஆகி, யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கும்.

ரெஜினா கொஞ்ச நாள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு, முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எனக்குக் குட்தியே, அது இன்னா மீனு?" என்று கேட்டேன்.

"வஞ்சிரம்க்கா" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "மாவுலாசிதான்க்கா. அன்னிக்கு ஏலத்துல வஞ்சிரம் கிட்டவே போவ முடியல. உன்கிட்ட ஒரு தபாதான்க்கா அப்டிப் பண்ணேன்."

"ரெண்டுத்துக்கும் வித்தியாசம் எப்டித் தெரியும்?"

"இது இன்னாக்கா கேள்வி? பாத்தாத் தெரியும்."

கூடையில் அன்று என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்தேன். அவர் சொன்னதுதான். அது மாவுலாசி.